95 டாலர் கைமாற்று

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள். நீங்கள் கேட்டதற்கு ஒரே வாயில் பதில் சொல்லிவிட முடியாது. அமெரிக்க நகரங்களில் யூதர்களுக்கு ஏன் இத்தனை சங்கங்கள் என்றீர்கள். கடன் கொடுக்க ஒன்று, நோயாளியைப் போய்ப் பார்க்க ஒன்று, இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய ஒன்று, பாஸ்கா பண்டிகைக்கு ஏழை வீட்டுக்கு மாவு அனுப்ப ஒன்று. "வசதியான ஆட்கள், செய்கிறார்கள்" என்று பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். இவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் வசதியானவர்கள் இல்லை. அடுத்த மாத வாடகைக்கே கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்கள்.

ஒன்றை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். மற்றவை அதிலிருந்து தானே விளங்கும். நியூயார்க்கில் ஹீப்ரு ஃப்ரீ லோன் சொசைட்டி என்று ஒரு சங்கம். வட்டியில்லாமல் கடன் கொடுப்பது அதன் வேலை. 1892-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

அது தொடங்கிய காலத்தை முதலில் பார்க்க வேண்டும். 1881-ல் ரஷ்யாவின் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரைக் குண்டு வீசிக் கொன்றார்கள். பழி யூதர்கள் மேல் விழுந்தது. ஊர் ஊராகக் கலவரம், சூறையாடல். அடுத்த ஆண்டே அவர்கள் எங்கே குடியிருக்கலாம், என்ன தொழில் செய்யலாம் என்பதை இறுக்கிச் சட்டம் வந்தது. அன்று தொடங்கி, 1924-ல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடும் வரம்பு வைக்கும்வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சம் யூதர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் வந்து ஒண்டிய இடம் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு. காற்றும் வெளிச்சமும் எட்டிப் பார்க்காத அடுக்குக் குடியிருப்புகள். சமையல், தூக்கம், தையல் கூலிவேலை எல்லாம் ஒரே அறைக்குள். தையல் தெரிந்தவர் கூலிக்குத் தைத்தார். தெரியாதவர் ஹெஸ்டர் தெருவில் தள்ளுவண்டி தள்ளினார்.

தள்ளுவண்டிக்காரருக்கு என்ன தேவை? காலையில் சரக்கு எடுக்க ஐந்தோ பத்தோ டாலர். வங்கியில் அவருக்கு வேலையில்லை. அடமானம் வைக்க ஒன்றும் கிடையாது, ஆங்கிலம் வராது, ஐந்து டாலர் கடனுக்காக எந்த வங்கியும் பேரேட்டைத் திறக்காது. வட்டிக்கு விடுகிறவரிடம் போனால் வண்டியில் வரும் லாபம் வட்டியோடு போய்விடும். தர்ம ஸ்தாபனத்தில் கேட்டால் ரொட்டி கிடைக்கும், குளிர்காலத்துக்கு நிலக்கரி கிடைக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லித்துவேனியாவின் வில்னா நகரத்துக்காரர்கள் நடத்திய ஒரு ஜெப ஆலயத்தில் 11 பேர் கூடினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். சேர்ந்தது 95 டாலர்.

95 டாலரை வைத்து என்ன செய்ய முடியும் என்று தோன்றுகிறது இல்லையா? ஒரு மனக்கணக்குப் போடுவோம். ஆளுக்கு 5 டாலர் என்றால் 19 பேருக்குக் கொடுக்கலாம். தானமாகக் கொடுத்திருந்தால் அத்தோடு கல்லா காலி. கடனாகக் கொடுத்து, வாரம் அரை டாலர் திருப்பிக் கட்டச் சொன்னால் பத்து வாரத்தில் முழுப்பணமும் வந்துவிடும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகே அடுத்த சுற்று என்றாலும், ஆண்டுக்கு ஐந்து சுற்று ஓடும். 95 டாலர், 95 குடும்பம். ஆண்டு முடிவில் பார்த்தால் 95 டாலர் அப்படியே இருக்கிறது. இது நான் போட்ட உதாரணக் கணக்குதான், சங்கத்தின் பேரேடு இல்லை. ஆனால் சங்கம் ஓடியதும் இன்று ஓடுவதும் இந்த அடிப்படையில்தான். அலுவலகச் செலவையும் சம்பளத்தையும் நன்கொடை பார்த்துக்கொள்கிறது. அசல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நம் பக்கத்து மொய் விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒருவருக்கு மொத்தமாகப் பணம் சேர்கிறது, வட்டி கிடையாது, எழுதி வைத்ததைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ஒரே வித்தியாசம், மொய் செய்தவருக்கே திரும்பிப் போகும். இங்கே திரும்பும் பணம் பொதுப் பானையில் விழுந்து, முகம் தெரியாத இன்னொருவருக்குப் போகிறது. தவணை கட்டும் தையல்காரர் கடனை மட்டும் அடைக்கவில்லை, அடுத்தவருடைய தள்ளுவண்டிக்குப் பணமும் கொடுக்கிறார். அது அவருக்கும் தெரியும்.

சரி, கட்டாமல் போனால்? நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். சங்கம் அடமானம் கேட்பதில்லை, ஜாமீன் கேட்கிறது. கடனாளி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று தெரிந்தவர் ஒருவரோ இருவரோ கையெழுத்துப் போட வேண்டும். வங்கி ஒருவரைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை, ஜாமீன் போடுகிறவர் அவரோடு பழகியே தெரிந்து வைத்திருக்கிறார். நாணயமான ஆளா, வண்டி ஓடுமா, வீட்டில் யாருக்காவது நோயா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற எண்ணம் கடன்காரரைத் தவணை தவறாமல் கட்டவைக்கும். வங்கதேசத்தில் முகமது யூனுஸ் கிராமின் வங்கியை நிறுவியது 1983-ல். ஆள் தெரிந்த நம்பிக்கையே சிறுகடனுக்குப் போதுமான பிணை என்பது அதற்கு ஏறக்குறைய 90 ஆண்டு முன்பே தள்ளுவண்டிச் சந்தில் நடைமுறையில் இருந்திருக்கிறது. அதிலும் கிராமின் வங்கி வட்டி வாங்கும், இவர்கள் அதுவும் வாங்கவில்லை.

வட்டி வேண்டாம் என்பது வேதத்திலிருந்து வந்தது. எளியவனுக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்கிறது யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம். ஆனால் அந்நியனிடம் வாங்கலாம் என்று உபாகமம் 23-ல் விதிவிலக்கும் இருக்கிறது. நியூயார்க் சங்கம் அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. இன்று அங்கே கடன் கேட்டு வருபவரின் மதத்தைப் பார்ப்பதில்லை. யாராக இருந்தாலும் வட்டி பூஜ்யம்தான்.

கடன் கொடுப்பது எப்படித் தர்மமாகும் என்ற சந்தேகத்துக்கு 12-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் பதில் எழுதி வைத்திருக்கிறார். ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்து, எகிப்தில் வைத்தியராக வாழ்ந்து, 1204-ல் இறந்த மைமோனிடீஸ். யூதச் சட்டங்களைத் தொகுத்த அவர், ஏழைக்குக் கொடுப்பதை எட்டுப் படிகளாக அடுக்கினார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கேட்ட பிறகு கொடுப்பதைவிடக் கேட்கும் முன் கொடுப்பது மேல். வாங்குகிறவர் யார் என்று கொடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பது அதைவிட மேல். அந்தக் காலப் பெரியவர்கள் துணியில் காசை முடிந்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நடப்பார்களாம், ஏழைகள் பின்னால் வந்து எடுத்துக்கொள்ள. இருவருக்குமே ஒருவரையொருவர் தெரியாதது இன்னும் மேல். எல்லாவற்றுக்கும் உச்சியில் அவர் வைத்தது, விழப்போகிறவருக்குக் கடன் கொடுப்பதை, தொழிலில் கூட்டுச் சேர்த்துக்கொள்வதை, வேலை தேடித் தருவதை. மறுபடி கை நீட்ட வேண்டிய நிலையே அவருக்கு வரக் கூடாது என்பதுதான் கணக்கு.

அவருக்கும் ஆயிரம் ஆண்டு முன்னால் போனால் சுமார் கி.பி. 200-ல் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. ஊர்ப் பொதுப்பணத்துக்கு அதில் எழுதிய விதிகளைப் பார்த்தால் ஏதோ கூட்டுறவுச் சங்கத்துப் பைலா போல இருக்கும். வாராந்தர நிதி ஒன்று, அன்றாடச் சாப்பாட்டுத் தட்டு ஒன்று. இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருப்பவர் தட்டில் கைவைக்கக் கூடாது. 14 வேளைக்கு இருப்பவர் வார நிதியைத் தொடக் கூடாது. நிதி வசூலிக்க இரண்டு பேர் போக வேண்டும், தனி ஆள் போகக் கூடாது. பங்கிட மூன்று பேர் வேண்டும், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு என்பது தீர்ப்புச் சொல்வதற்குச் சமம். இரக்கத்தை நம்பி மட்டும் பொதுப்பணத்தை ஒருவர் கையில் விட்டுவிடக் கூடாது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வேரூன்ற இன்னொரு காரணம் கட்டாயம். 1654-ல் பிரேசிலின் ரெசிஃபே நகரைப் போர்த்துக்கீசியர் திரும்பப் பிடித்தபோது, அங்கிருந்து தப்பிய 23 யூதர்கள் இன்றைய நியூயார்க்கில், அன்று அது டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம், வந்து இறங்கினார்கள். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களைத் துரத்தப் பார்த்தார். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1655-ல் அவர்களை இருக்க அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு: அவர்களில் உள்ள ஏழைகள் கம்பெனிக்கோ ஊருக்கோ பாரமாகக் கூடாது, அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஆளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே பெருமைப் பேச்சாகத் தொடங்கவில்லை. குடியிருப்பதற்கான விலையாக இருந்தது.

இப்போது பாக்கி வைத்த விஷயம்: தர்ம ஸ்தாபனத்து உதவிக்கு இருந்த விலை. 1892-க்குள் நியூயார்க்கில் வசதியான யூதர்களும் இருந்தார்கள். இரண்டு தலைமுறைக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்து வியாபாரத்திலும் வங்கித் தொழிலிலும் முன்னேறியவர்கள். அவர்கள் செய்தது குறைவில்லை. 1852-ல் 'யூதர் மருத்துவமனை' என்று தொடங்கிய மவுண்ட் சைனாய் மருத்துவமனை அவர்கள் எழுப்பியது. 1893-ல் லில்லியன் வால்ட் என்ற நர்ஸ் லோயர் ஈஸ்ட் சைடில் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது, வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் பணம் கொடுத்தார். ஆனால் அவர்களுடைய தர்ம ஸ்தாபனங்களில் உதவி கேட்டால் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வருவார். அடுப்பைப் பார்ப்பார், அலமாரியைப் பார்ப்பார், உண்மையில் ஏழைதானா என்று குறிப்பெடுப்பார். கூடவே தாடி, தலைமுக்காடு, வீட்டில் பேசும் இத்திஷ் மொழி இவற்றையெல்லாம் விட்டுவிட்டு அமெரிக்கராக மாறுங்கள் என்ற உபதேசமும் வரும். வாங்குகிறவருக்கு வயிறு நிறைந்தது, மனசு சுருங்கியது.

அதனால்தான் புதிதாக வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்த ஊர்ச் சங்கங்கள் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கில் இருந்தன. சந்தா கட்டினால் சங்கத்து டாக்டர் வருவார், வேலை போனால் உதவி வரும், இறந்தால் சங்கத்துக் கல்லறையில் இடம் உறுதி. குயின்ஸ் பகுதிக் கல்லறைத் தோட்டங்களில் போலந்து, உக்ரைன் ஊர்களின் பெயர் பொறித்த சங்க வாசல்களை இன்றும் பார்க்கலாம். அவற்றில் பல ஊர்களில் 1945-க்குப் பிறகு ஒரு யூதர்கூட மிஞ்சவில்லை. கடன் சங்கமும் இந்த மண்ணில் முளைத்ததுதான். தர்மம் வாங்குபவரின் பெயர் விசாரணைக் குறிப்பில் ஏறும், கடன் வாங்குபவர் தாமே பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்.

சங்கங்கள் பெருகினால் வசூலும் பெருகும். இன்று அநாதை இல்லம், நாளை மருத்துவமனை, மறுநாள் முதியோர் இல்லம் என்று ஒரே வாசலை எல்லோரும் தட்டினார்கள். பாஸ்டன் நகரம் 1895-ல் ஒரு வழி கண்டது: எல்லோருக்குமாக ஒரே வசூல், பிறகு கூடி உட்கார்ந்து பங்கீடு. நியூயார்க் 1917-ல் அதைப் பின்பற்றியது. ஃபெடரேஷன் என்று நீங்கள் கேள்விப்படுவது இதைத்தான். யாருக்கு எவ்வளவு என்று அங்கே நடக்கும் சண்டை இன்றுவரை ஓயவில்லை. அப்படிச் சண்டை நடப்பதே, பலர் அதைத் தங்கள் பணமாக நினைப்பதால்தான்.

தங்கள் ஆட்களுக்காகக் கட்டிய இந்த அமைப்புகள் காலப்போக்கில் வாசலை அகலமாக்கின. ஜெருசலேமில் 1976-ல் ஊரி லூபோலியான்ஸ்கி என்பவர் தொடங்கிய யாத் சாரா, சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் இரவல் தருகிறது. யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் யாரும் வாங்கலாம். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ரஷ்யாவிலிருந்து வந்த யூத அகதிகளுக்காகத் தொடங்கிய ஹையாஸ் என்ற அமைப்பு, இன்று பல நாட்டு அகதிகளுக்கும் குடியமர உதவுகிறது. அந்த உதவியைக் காரணம் காட்டித்தான் 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ஜெப ஆலயம் ஒன்றில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 11 பேரைக் கொன்றான். அன்று குடும்பங்கள் செய்திக்காகக் காத்திருந்த இடம் அக்கம்பக்கத்தார் எல்லோரும் நீச்சலுக்கும் உடற்பயிற்சிக்கும் வந்துபோகும் யூத சமூகக் கூடம். சில நாட்களுக்குள் அமெரிக்க முஸ்லிம்கள் இறுதிச் சடங்குக்கும் சிகிச்சைக்கும் 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஜாமீன் முறையில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஜாமீன் போட ஆளே இல்லாதவர் என்ன செய்வார்? ஊருக்குப் புதியவர், குடும்பம் கைவிட்டவர், யாரோடும் பழகாத முதியவர். உதவி யாருக்கு மிக அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் நோயாளியைப் போய்ப் பார்க்கும் சங்கமும், அன்றாடச் சாப்பாட்டுத் தட்டும் கடன் சங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறது. ஏன் இத்தனை சங்கங்கள் என்று கேட்டீர்களே, ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

யூதச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. தர்மத்தை நம்பிப் பிழைக்கும் ஏழையும் தனக்கு வந்ததிலிருந்து தர்மம் செய்ய வேண்டும். முதலில் கேட்கும்போது ஈவிரக்கமற்ற விதியாகத் தோன்றும். பிச்சை எடுப்பவனிடம் பிடுங்குவதா? ஆனால் கொடுக்கும் கடமையிலிருந்து ஒருவரை விலக்கிவிட்டால், ஊரின் கணக்கிலிருந்தே அவரை விலக்கியதாகிவிடும். ஒரு காசு போட்டாலும் அவர் போட்டவர். போட்டவருக்குப் பங்கீட்டில் பேச உரிமை உண்டு.

எனவே எந்த ஊரில், எந்த மதத்தார் நடத்தும் சங்கமாக இருந்தாலும், நன்கொடை ரசீது வாங்கும் முன் அதன் நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நேற்று அங்கே வந்து கடன் வாங்கியவர், சாப்பாடு வாங்கியவர் ஒருவராவது இன்று அந்த மேசையில் உட்கார்ந்து பேசுகிறார் என்றால், தாராளமாகக் கொடுக்கலாம்.