ஸ்பானிய ஒழுங்கு வினைகளின் காலங்காட்டும் முறை: பகுபத உறுப்பிலக்கண நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பானிய மொழியின் ஒழுங்கு வினைகள் இடம், எண், காலம் ஆகியவற்றை உணர்த்தும் முறையை நன்னூல் வகுக்கும் பகுபத உறுப்பிலக்கண அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது. பகுதி, இடைநிலை, விகுதி என்னும் பகுப்பு அம்மொழிக்குப் பொருந்தும் இடங்களும், அதற்கு அடங்காது அழுத்தம் தனித்துக் காலங்காட்டும் இடமும் இதில் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஒழுங்கு வினை, இடைநிலை, விகுதி, அழுத்தம், உடனிகழ் இறப்பு.

முன்னுரை

பதினாறாம் நூற்றாண்டில் தமிழகக் கடற்கரையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். இலத்தீன் இலக்கண மரபின் வாய்பாடுகளே தமிழ் வினைகளை வரிசைப்படுத்த அவருக்குத் துணைநின்றன. ஐபீரிய மொழி ஒன்றைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு நோக்கும் எதிர்த்திசை முயற்சி அரிதாகவே நிகழ்ந்துள்ளது. அம்முயற்சியின் சிறு பகுதியாக இக்கட்டுரை அமைகிறது. தனிச்சொல்லாய் அமையும் ஐந்து காலங்கள் மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

எழுத்துபெயர்ப்பு முறை

ஸ்பானியத்தில் குறில், நெடில் வேறுபாடு பொருள் மாற்றாது. சொல்லில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதே பொருள் மாற்றும். ஆகவே இக்கட்டுரையில் அழுத்தம் பெறும் உயிர் நெடிலாகவும் பிற உயிர்கள் குறிலாகவும் எழுதப்படுகின்றன. நெடில் இங்கு மாத்திரையைக் குறிப்பதன்று. அழுத்தத்தின் அடையாளமே ஆகும்.

வினை வகைகள்

ஸ்பானிய வினையின் பெயரெச்சம், வினையெச்சம் சாராத முதல்வடிவம் ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைக் கொண்டு முடியும். தொமார் (எடு), கொமேர் (உண்), ஸுபீர் (ஏறு) என்பன முறையே எடுத்துக்காட்டுகள். ஈற்றை நீக்கத் தொம், கொம், ஸுப் எனப் பகுதி எஞ்சும். ஒழுங்கு வினையில் எல்லாக் காலத்தும் பகுதி திரிவதில்லை. ஈற்று மெய்க்கு முன் நிற்கும் அ, எ, இ என்னும் உயிர் வினை இன்ன வகையினது எனக் காட்டும். அதனைச் சாரியையோடு ஒப்பிடத் தோன்றும். ஆயின் சாரியை இயைபு கருதி வருவது. இவ்வுயிரோ வினை எவ்வகை விகுதிகளை ஏற்கும் என வரையறுப்பது. எனவே இதனை வகையுயிர் எனத் தனியே சுட்டுதல் தகும்.

நிகழ்காலம்

தன்மை ஒருமை தொடங்கிப் படர்க்கைப் பன்மை ஈறாக நிகழ்கால வடிவங்கள் வருமாறு:

தோமொ, தோமஸ், தோம, தொமாமொஸ், தொமாய்ஸ், தோமன்.
கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென்.
ஸூபொ, ஸூபெஸ், ஸூபெ, ஸுபீமொஸ், ஸுபீஸ், ஸூபென்.

நிகழ்காலத்திற்கு இடைநிலை இல்லை. அதன் இன்மையே காலத்தை உணர்த்துகிறது. ஸ் முன்னிலை ஒருமையையும், மொஸ் தன்மைப் பன்மையையும், ன் படர்க்கைப் பன்மையையும் காட்டும் விகுதிகள். படர்க்கை ஒருமை விகுதி பெறாது. தமிழ் விகுதிகளைப்போல் இவையும் எழுவாயை உணர்த்துவதால் பெயரைச் சொல்லாமலே தொடர் நிரம்பும். ஆனால் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் வேறுபாடு இவற்றில் இல்லை. கோமெ என்பது உண்கிறான், உண்கிறாள், உண்கிறது மூன்றுக்கும் பொது. அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியத்தில் தொமாய்ஸ் போன்ற முன்னிலைப் பன்மை வழக்கில் இல்லை. படர்க்கைப் பன்மை வடிவமே அவ்விடத்தை நிரப்புகிறது. மரியாதை கருதி ஒருவரை முன்னிலைப்படுத்தும்போதும் படர்க்கை ஒருமை வடிவமே வரும்.

இறந்தகாலம் இரண்டு

முற்றுப்பெற்ற செயலை உணர்த்தும் இறப்பு வடிவங்கள்:

தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாஸ்தெய்ஸ், தொமாரொன்.
கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன்.

செயல் நிகழ்ந்துகொண்டிருந்த நிலையையோ வழக்கமாக நிகழ்ந்ததையோ உணர்த்தும் இறப்பு வடிவங்கள்:

தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன்.
கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயய்ஸ், கொமீயன்.

இவ்விரு காலங்களிலும் ஸுபீர் வகை, கொமேர் வகையின் விகுதிகளையே பெறும். பின்னையது பகுபத முறைக்கு முற்றும் இயைவது. தொமாபமொஸ் என்பது தொம் + ஆ + ப + மொஸ் எனப் பிரியும். இதில் ப காலங்காட்டும் இடைநிலை. பகுதி, இடைநிலை, விகுதி என்னும் வரிசையும் தமிழிலுள்ளதே.

முன்னையது அவ்வாறு பிரிவதில்லை. தொமோ என்பதிலுள்ள ஓ காலம், இடம், எண் ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டுகிறது. தமிழ் மரபுக்கு இது புதிதன்று. உண்கு, சேறு போன்ற வடிவங்களில் விகுதியே காலத்தையும் காட்டும் என நன்னூல் தனியே விதிக்கிறது. தமிழில் அருகி வழங்கிய அம்முறை ஸ்பானியத்தின் முற்றிறப்பில் பொதுவிதியாக உள்ளது.

வெனிசுவேலாவில் பிறந்த அந்திரேஸ் பேயோ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் பின்னைய காலத்திற்கு ‘உடனிகழ் இறப்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஓர் இறந்தகாலச் செயல் நிகழும்போது உடன் நிகழ்ந்துகொண்டிருந்தது என்பது கருத்து. ‘நான் ஏறியபோது அவன் உண்டுகொண்டிருந்தான்’ என்பதில் ஏறியது ஸுபீ, உண்டுகொண்டிருந்தது கொமீய. ‘அந்நாளில் அவன் ரொட்டி உண்பான்’ என வழக்கத்தைச் சொல்லுமிடத்தும் கொமீய என்பதே வரும். ஒரே ஸ்பானிய வடிவத்திற்குத் தமிழில் துணைவினை ஏற்ற தொடரும், எதிர்கால வாய்பாடும் இடம்நோக்கி வருகின்றன.

மொழிபெயர்ப்பில் இதன் விளைவு பெரிது. ஸ்பானியப் படைப்புகள் பல ஆங்கிலவழியே தமிழுக்கு வந்துள்ளன. ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலம் கொமியோ, கொமீய இரண்டையும் ஒரே வடிவில் தாங்க வல்லது. ஆங்கிலத்தை மட்டும் நோக்கி ‘உண்டான்’ என எழுதும்போது, அது ஒருநாள் நிகழ்ந்ததா, நாள்தோறும் நிகழ்ந்ததா என்னும் வேறுபாடு மறைகிறது. தமிழில் அதனை உணர்த்தும் வாயில் இருந்தும் மூலத்தின் குறிப்பு வாசகரை எட்டாமற் போகிறது.

எதிர்காலமும் இறப்பின் எதிர்வும்

எதிர்கால வடிவங்கள்: தொமரே, தொமராஸ், தொமரா, தொமரேமொஸ், தொமரேய்ஸ், தொமரான். மூவகை வினைக்கும் விகுதிகள் ஒன்றே. இவை முதல்வடிவத்தின் ஈறு கெடாது அதன்மேலேயே சேர்கின்றன. ‘உடைமை’ப் பொருளதான துணைவினையின் நிகழ்காலம் ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன் என வரும். அதனை எதிர்கால விகுதிகளோடு ஒப்பிட்டால் தோற்றம் விளங்கும். தொமார் + ஏ என்னும் இருசொல் புணர்ந்து ஒருசொல்லாயிற்று. 1492இல் முதல் ஸ்பானிய இலக்கணத்தை அச்சிட்ட நெப்ரிகா இவ்வுண்மையை அன்றே கண்டு கூறியுள்ளார். இடைக்கால ஸ்பானியத்தில் இவ்விரண்டன் நடுவே மாற்றுப்பெயர் புகுந்து நிற்றலும் உண்டு.

இத்துணைவினையின் இறந்தகாலம் சேர்ந்தது தொமரீய, தொமரீயஸ் என வரும் ஐந்தாம் காலம். ‘எடுப்பதாகச் சொன்னான்’ என இறப்பில் நின்று எதிர்வை நோக்குவதும், நிபந்தனையின் விளைவைச் சொல்வதும் இதன் பணிகள்.

எதிர்கால வடிவம் நிகழ்கால ஐயத்தையும் உணர்த்தும். ‘இப்போது மணி மூன்று இருக்கும்’ என்னும் தமிழ்த்தொடரில் உம் ஈறு ஆற்றும் பணியை, ஸெரான் லஸ் த்ரேஸ் என்னும் ஸ்பானியத் தொடரில் எதிர்கால வினை ஆற்றுகிறது. தொடர்பற்ற இரு மொழிகளும் வாராக் காலத்தையும் அறியா நிகழ்வையும் ஒரே வடிவால் சுட்டுவது கருதத்தக்கது.

அழுத்தம் காலங்காட்டல்

தோமொ என்பது ‘எடுக்கிறேன்’. தொமோ என்பது ‘எடுத்தான்’. இரண்டிலும் எழுத்தொலிகள் ஒன்றே. அழுத்தத்தின் இடம் மட்டுமே வேறு. தேர்மினொ (முடிவு), தெர்மீனொ (முடிக்கிறேன்), தெர்மினோ (முடித்தான்) என்னும் மூன்றும் அவ்வாறே. பெயரா வினையா என்பதும், எக்காலம், எவ்விடம் என்பதும் அழுத்தத்தால் அறியப்படுகின்றன. அர்ஜென்டினா வழக்கில் முன்னிலை ஒருமை தோமஸ் என்னாது தொமாஸ் என வருவதும் அழுத்த வேறுபாடே.

பகுதி முதலிய ஆறு உறுப்புகளுள் எதிலும் இதனை அடக்க இயலாது. விகாரத்துள் அடக்கலாம் எனின், விகாரம் உறுப்புகள் புணருங்கால் நேரும் மாற்றம், அது காலங்காட்டுவதன்று. கல், கால் என அளபு வேறுபாட்டைச் செவி தெளிவாக உணரும் தமிழர்க்கு அழுத்த வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. தமிழர் ஸ்பானியம் பயிலும்போது பிழைக்கு இடமாவது இதுவே. நெடிலால் அழுத்தத்தைக் குறிக்கும் முறை தொடக்கநிலைக் கற்பித்தலில் இதற்குத் துணைபுரியும்.

தொமாமொஸ், ஸுபீமொஸ் என்பன நிகழ்வுக்கும் இறப்புக்கும் பொது. இவற்றில் அழுத்தமும் உதவாது. நேற்று, இன்று போன்ற காலக்கிளவிகளோ சூழலோ பொருளை வரையறுக்கும். கொமேமொஸ், கொமீமொஸ் எனக் கொமேர் வகையில் மட்டும் வகையுயிர் மாறி வேறுபாடு காட்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. உடனிகழ் இறப்பு பகுபத முறைக்கு நேராக இயைகிறது. முற்றிறப்பு, விகுதியே காலங்காட்டும் என்னும் நன்னூல் விதியின் வழி விளங்குகிறது. தோமொ, தொமோ போன்ற இணைகளில் அழுத்தம் ஏழாம் உறுப்பாக நின்று செயற்படுகிறது. இம்மூன்றாவது முடிவு நன்னூலுக்குக் குறையாகாது. தமிழ்ச் சொல்லில் அழுத்தம் பொருள் வேறுபடுத்தாமையின் அங்கு அதற்குத் தேவை எழவில்லை. ஒரு மொழிக்கு அமைந்த இலக்கணம் பிறமொழியில் எங்கு நிற்கிறது எனக் காண்பது அவ்விரு மொழிகளின் இயல்பையும் தெளிவாக்கும். ஸ்பானியத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்குப் பெயர்ப்போரை உருவாக்கும் பாடத்திட்டங்கள், இருவகை இறப்பையும் அழுத்தத்தையும் முதற்படியிலேயே கற்பித்தல் பயன்தரும்.