த்ரீ பேஸ் வந்த பிறகு ஒரு குளியல்

வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டும் என்று விழுப்புரத்துக்காரர் ஒருவருக்கு ஆசை வந்தால் நெடுந்தூர ரயிலில்தான் ஏற வேண்டும். மணிகரண் இமாசலத்தில் இருக்கிறது, ராஜ்கிர் பீகாரில், பக்ரேஸ்வர் வங்காளத்தில், கணேஷ்புரி மகாராஷ்டிரத்தில். நாடு முழுக்க 300க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருந்தும் தமிழ்நாட்டின் பங்குக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வாய்க்கவில்லை. தமிழ் பேசும் ஊரில்தான் வேண்டுமென்றால் கடல் தாண்டித் திருகோணமலைக்குப் போய், கன்னியாவின் ஏழு கிணறுகளில் வாளி விட்டு மொண்டு ஊற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு நமக்குச் சாதகமானது. நிலத்திலிருந்து வெளியே வரும்போதே தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் அங்கே அது வெப்பநீர். அந்தக் கணக்குப்படி திண்டிவனம் வட்டாரத்துப் போர் ஒவ்வொன்றும் வெப்பநீர் ஊற்றுதான். ஹங்கேரியில் 30 டிகிரி வேண்டும். நம் ஆழமான போர்கள் அங்கேயும் வாசல் வரை போய்விடும். சிரிக்க வேண்டாம். புடாபெஸ்டில் 1913இல் திறந்த புகழ்பெற்ற செச்செனி குளியலகத்துக்கு வரும் தண்ணீரும் போர் போட்டு எடுத்ததுதான். அவர்கள் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். 70 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கிடைத்தது. நாம் சில நூறு அடியில் நின்றுவிட்டோம், கிடைத்ததைக் கரும்புக்குப் பாய்ச்சுகிறோம்.

ஆக, திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வேலை முடிந்து, சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பம்பு செட்டில் குளித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குள் திரும்புவது எப்படி என்று பார்ப்போம். எளிதாகத் தெரிகிறது. ஆனால் இது குளிப்பவருக்காகக் கட்டிய குளியலகம் இல்லை, பயிருக்காக ஓடும் மோட்டார். நம் வசதி கடைசியில்தான் கணக்கில் வரும்.

முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கழனியில் என்ன பயிர் என்று. ஐப்பசி, கார்த்திகையில் போனால் மோட்டார் ஓடாது. மழைத் தண்ணீரை வடிய வைக்கவே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போனபோது மோட்டார் கொட்டகைகளே தண்ணீரில் நின்றன. சரியான பருவம் தையிலிருந்து சித்திரை வரை. நவரை நெல் அப்போது முழுக்க முழுக்கக் கிணற்றுப் பாசனத்தில் நிற்கும், கரும்புக்கும் முறை வைத்துத் தண்ணீர் கட்டுவார்கள். நெல்லும் கரும்பும் இருக்கும் இடத்தில் தொட்டி நிரம்பி வழியும். மரக்காணம் சாலைப் பக்கம் தர்பூசணித் தோட்டங்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அங்கே பெரும்பாலும் சொட்டுநீர்: மோட்டாரிலிருந்து தண்ணீர் நேராக வடிகட்டிக்குள் போய் குழாயில் மறைந்துவிடும், தலையை நீட்ட இடமில்லை. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம் என்று அரசு கொடுப்பதால், குளிக்கத் தோதான தொட்டிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகின்றன. தண்ணீருக்கு அது நல்லது. குளிப்பவன் முணுமுணுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது திசை. இந்த மாவட்டத்தின் அடியில் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சி வழியில் கருங்கல் பாறை. தண்ணீர் விரிசல்களில் மட்டும் இருக்கும். அங்கே அகலமான திறந்த கிணறுகளும், அவற்றுக்குள்ளேயே இறக்கிய போர்களும் அதிகம். கிழக்கே வானூர், கிளியனூர்ப் பக்கம் போனால் மணற்கல் படிவம், கடல் பின்வாங்கிய காலத்து அடுக்குகள். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அந்தப் பக்கம்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் துளை போட்டபோது மோட்டார் இல்லாமல் தானாகவே தண்ணீர் பொங்கி வந்ததும் இதே படிவத்தின் புண்ணியத்தில்தான். இன்று அந்தப் பொங்கல் இல்லை. எல்லோரும் உறிஞ்சி நீர்மட்டம் கீழே போய்விட்டது. இன்னும் கிழக்கே கழுவேலி ஏரியை ஒட்டிப் போனால் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகிவிடும். விழுப்புரத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தென்பெண்ணை ஓரம், பிடாகம், திருவெண்ணெய்நல்லூர் வழி போனால் ஆற்று மணலில் ஊறிய நல்ல தண்ணீர். ஆனால் ஆழம் குறைவு, ஆகவே சூடும் குறைவு.

சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் யாரும் 'மோட்டார் சூடுங்க' என்பார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. 5 எச்.பி. மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ 4 கிலோவாட். நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த மின்சாரம் மொத்தமும் சூடாகவே மாறினாலும் தண்ணீர் கால் டிகிரிகூட ஏறாது. உண்மையான காரணம் மண். வருஷம் முழுக்க வெயிலும் பனியும் சராசரியாகி, சில பத்தடிக்குக் கீழே நிலத்தின் சூடு மாறாமல் நிற்கிறது. நம் பக்கம் அது 28, 29 டிகிரி. அதற்கும் கீழே போகப் போக பூமியின் உட்சூடு கூடும், பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி என்று சொல்வார்கள். நம் மேற்குப் பக்கத்துப் பழம்பாறைகளில் அதைவிடக் குறைவு. ஆகவே போர் தண்ணீர் ஏறக்குறைய 30 டிகிரியில் வந்து விழும், மே மாதமானாலும் மார்கழியானாலும். மாறுவது காற்றுதான். சித்திரை வெயிலில் அதே தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும், தையில் வெதுவெதுவென்று இருக்கும்.

இனி மின்சாரம். பாசன மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். ஊரில் அதைத் த்ரீ பேஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இது இலவசமானது. இலவசம் என்பதால் இருபத்து நான்கு மணி நேரமும் எல்லா இடத்திலும் வரும் என்று அர்த்தமில்லை. ஃபீடர் வாரியாக முறை வைத்து, பகலில் சில மணி, இரவில் சில மணி என்று விடும் ஊர்கள் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, "அண்ணே, இன்னைக்கு த்ரீ பேஸ் எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூரிய மின் மோட்டார் போட்டிருக்கிறார் என்றால் வேறு இடம் பாருங்கள். நீங்கள் ஆபீஸ் முடிந்து போய்ச் சேரும் நேரத்தில் அதன் ஓட்டம் நூலாகிவிடும்.

அந்த 'அண்ணே' யார் என்பதுதான் முக்கியமான படி. தெரியாத கழனியில் இறங்கக் கூடாது. உடன் வேலை பார்ப்பவரின் மாமனார், பால் ஊற்றுகிறவர், உரக்கடையில் பழக்கமானவர் என்று ஒரு நூலாவது இருக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், "தண்ணி ஓடிக்கிட்டுத்தானே சார் இருக்கு, குளிச்சிட்டுப் போங்க" என்பார்கள். மறுக்கிறவர்களுக்குக் காரணம் பாட்டில். குளிக்க வந்த கூட்டம் குடித்துவிட்டு வரப்பில் உடைத்துப் போட்ட கண்ணாடி, மறுநாள் நடவுக்கு இறங்கும் பெண்களின் காலில் ஏறும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டவுனிலிருந்து போகும் சட்டை போட்ட ஆளுக்குச் சுலபமாகத் திறக்கும் தொட்டி, அதே ஊர்க் காலனிப் பையனுக்குத் திறக்காத இடங்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு தொட்டி என்று தெரிந்தால் நான் போவதில்லை.

எடுத்துப்போக அதிகம் வேண்டாம். துண்டு, மாற்றுத்துணி, ரப்பர் செருப்பு, டார்ச். பெண்கள் குடும்பத்தோடு போனால் கொட்டகைக்குள் துணி மாற்ற வசதி இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது. பாதிக் கொட்டகைகளில் கதவே இருக்காது. நல்லெண்ணெயை வீட்டில் வைத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியல் காலை வேலை, பொழுது சாய்ந்து எண்ணெய் தேய்ப்பதை நம் பாட்டிகள் ஒப்ப மாட்டார்கள். தொட்டி விளிம்பில் எண்ணெய் பட்டால் அடுத்து இறங்குகிறவர் வழுக்கி விழுவார் என்பது என் தரப்புக் காரணம். சீயக்காய்ப் பொடி ஒரு பொட்டலம் போதும்.

நாலரைக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம். தை மாதத்தில் ஆறேகால் வாக்கில் இருட்டிவிடும். வரப்பில் கண்ணாடி விரியன் நடமாடும் நேரமும் அதுதான். வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, வரப்பின் மேல் நடந்து போங்கள். புதிதாக அணைத்த வரப்பென்றால் சுற்றிக்கொண்டு போங்கள், மிதித்தால் உடைந்து மடை திறந்துகொள்ளும்.

தொட்டியை அடைந்ததும் உடனே இறங்க வேண்டாம். பக்கத்தில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர் கழுவிய அடையாளம், காலி மருந்து டப்பா, வெள்ளைப் படலம் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குழாய்த் தண்ணீரில் மட்டும் குளியுங்கள், தொட்டியில் உட்காராதீர்கள். கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். அதைக் கழனிக்காரரே தொடட்டும். ஈரக் கையோடு அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கப் போய்ச் செத்தவர்கள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் அடிக்கடி வருகிறார்கள். இரும்புக் குழாயைப் பிடிக்கும் முன், கரண்ட் கசிவு இல்லையே என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. திறந்த கிணற்றில் குதிப்பது இந்தப் பயணத்தில் சேராது; மோட்டாரும் குழாயும் கயிறும் கிடக்கும் கிணறு நீச்சல் குளம் ஆகாது.

மோட்டார் போட்டதும் குழாய் முதலில் இருமும். காற்றைத் துப்பும், செம்மண் நிறத்தில் ஒரு வாய் கொப்பளிக்கும், நின்றுபோனது மாதிரி ஒரு கணம் போக்குக் காட்டும். பிறகு மொத்தமாக வந்து தொட்டியின் எதிர்ச்சுவரில் அறையும். கோடையில் இந்த முதல் நிமிஷத்தில் கிட்டப் போகக் கூடாது. நாள் முழுக்க வெயிலில் கிடந்த குழாயில் தங்கிய தண்ணீர் நிஜமாகவே சுடும். அது கழிந்து ஒரே சீராக வர ஆரம்பித்ததும் கையை நீட்டிப் பாருங்கள்.

தலையை நேராகக் குழாய் வாயில் கொடுப்பது சின்னப் பையன்கள் செய்வது. இரண்டரை அங்குலக் குழாயில் வரும் தண்ணீரின் வேகத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். முதலில் தோளைக் கொடுங்கள், அப்புறம் முதுகை. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மாறி மாறி விழும்படி அசைந்து அசைந்து நின்றால், நாள் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்து சேர்த்த வலியெல்லாம் உதிரும். காது அடைத்துப்போய் வெளி உலகச் சத்தம் எதுவும் கேட்காது. பிறகு தொட்டிக்குள் இறங்கிக் கழுத்தளவு உட்காரலாம். தரையில் பாசி இருக்கும், விளிம்பைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள். காற்று குளிர்ந்து தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் தை மாதச் சாயங்காலத்தில், தொட்டியை விட்டு எழ மனம் வராது.

கால் மணி நேரம் அப்படி இருந்தால், மேலே சொன்ன ஓட்டத்தில் 4,500 லிட்டர் உங்கள் மேல் விழுந்து போயிருக்கும். வீட்டுக் குளியலறையில் 15 லிட்டர் வாளியால் முந்நூறு வாளி. குற்ற உணர்ச்சி வேண்டாம், அத்தனையும் வாய்க்கால் வழியாக நெல்லுக்குத்தான் போகிறது. நீங்கள் இல்லாவிட்டாலும் போயிருக்கும். அதனால்தான் சோப்பை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஷாம்பு உறையைத் தொட்டியில் விட்டால் அது மடைவாயில் போய் அடைத்துக்கொள்ளும், ராத்திரி ஒருவர் டார்ச்சோடு வந்து அதைத் தேட வேண்டியிருக்கும்.

மோட்டார் நின்றால் அத்தோடு குளியல் முடிந்தது. 'இன்னும் அஞ்சு நிமிஷம் போடுங்களேன்' என்று கேட்கக் கூடாது, பயிருக்குப் போதும் என்றால் போதும். காற்றில் நிற்காமல் சீக்கிரம் துவட்டிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும்தான் குளிர் தெரியும். காசு நீட்டினால் அவருக்குச் சங்கடம். போகும்போதே பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிப் போயிருந்தால் சரியாகப் போகும். இப்போது செல்போனிலிருந்தே மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் பலரிடம் இருப்பதால், கழனியில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாமல் போகலாம். "கிளம்புறோம்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

அப்படியே அடுத்த தடவைக்கு முறை எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த வாரம் நைட்டு முறை சார், விடிகாலை மூணு மணிக்கு வந்தீங்கன்னா குளிக்கலாம்" என்று அவர் சொன்னால் கேலி என்று நினைக்க வேண்டாம். காற்று மிகவும் குளிர்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அதே 30 டிகிரித் தண்ணீர் வெந்நீராகத் தெரியும்.