கொலுப்படி ஓரம் ஒரு கோல்கொண்டா

புரட்டாசி அமாவாசை நெருங்கியதும் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். படி கட்டுவதும் மரப்பாச்சியை வைப்பதும் பெரியவர்கள் வேலை. படிக்குப் பக்கத்தில் 'பார்க்' போடுவது பிள்ளைகள் வேலை. மண்ணைக் கொட்டி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி இரண்டு வாத்துப் பொம்மையை நிறுத்தினால் பார்க் ஆயிற்று. செகந்தராபாத் அடுக்குமாடியில் வளரும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது போதவில்லை. "நான் என்ன குழந்தையா?" என்று அறைக்குள் போய்விடுகிறான். கொலு என்பது அம்மாவும் பாட்டியும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அவன் ஒதுங்கிவிட்டால், நாளைக்குப் பெட்டியை இறக்க வீட்டில் ஆள் இருக்காது.

அதனால் எங்கள் வீட்டில் சில வருஷங்களாக வாத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கோட்டை கட்டுகிறோம். வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள் செய்முறை கேட்டதால் இதை எழுதுகிறேன்.

கோட்டை என்றால் எந்தக் கோட்டை? செஞ்சியையும் வேலூரையும் பிள்ளைகள் பார்த்ததில்லை. கோல்கொண்டாவைப் பள்ளியிலேயே இரண்டு தடவை கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். ஃபதே தர்வாசாவின் கீழே கை தட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி மலை உச்சி மண்டபத்தில் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பக்த ராமதாஸ் அடைபட்டிருந்ததாகச் சொல்லும் சிறையும் அங்கேதான் இருக்கிறது. அதை எங்கே வைத்திருக்கிறோம் என்று பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் முதலில் தேடினார்.

முதலில் அளவு. நம் செட்டியார் பொம்மைகளை இதில் சேர்க்காதீர்கள். கோட்டை அவர் இடுப்புக்குத்தான் வரும். கடையில் கிடைக்கும் ஐந்து சென்டிமீட்டர் சிப்பாய்ப் பொம்மையை ஒரு ஆளாக வைத்துக்கொண்டு, வாசலை அதற்குத் தகுந்தபடி யானை நுழையும் உயரத்துக்கு வெட்டுங்கள். ஆனால் மலையை அதே கணக்கில் செய்ய முடியாது. கோல்கொண்டா மலை சுமார் 120 மீட்டர் உயரம். அந்தக் கணக்கில் கூரையைத் தாண்டி மேல்வீட்டுக்காரர் கூடத்துக்குப் போய்விடும். ஆளும் வாசலும் ஒரு அளவு, மலையும் தூரமும் சுருக்கிய இன்னொரு அளவு என்று வைத்தால் கண் ஏற்றுக்கொள்கிறது. போர் விளையாட்டுக்காரர்கள் உலகமெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள்.

இந்த ஊர் மலை என்பது மண்மேடு அல்ல, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த உருண்டைப் பாறைகள். பழைய செய்தித்தாளை இறுகக் கசக்கி, நூலால் சுற்றி, மைதா பசையில் தோய்த்த துண்டுக் காகிதங்களை மூன்று அடுக்கு ஒட்டுங்கள். மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் முழுதாகக் காய வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். முட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கு போல, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருந்தால் நல்லது. வண்ணத்தில்தான் சூட்சுமம். முதலில் கரும்சாம்பல் பூசிக் காயவிடுங்கள். பிறகு வெளிர்சாம்பலில் ஒரு துளி ரோஸ் கலந்து தூரிகையில் எடுத்து, அதைத் துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, பாறைமேல் லேசாக இழுங்கள். மேடுகள் மட்டும் நிறம் வாங்கும், பள்ளங்கள் இருட்டாகவே நிற்கும். காகிதம் கல்லாவது அந்த நிமிஷத்தில்தான்.

மதிலுக்கு பிஸ்கட் அட்டைப்பெட்டிகள். காலியான பவுடர் டப்பாவை அட்டையில் பாதி மறைத்து ஒட்டினால் அரைவட்டக் கொத்தளம் (நிஜக் கோட்டையில் 87 உண்டு, நமக்கு ஏழெட்டு போதும்). முட்டை அட்டையைக் கிழித்துச் சிறு துண்டுகளாக ஒட்டினால் கல் கட்டடம் போல் சொரசொரப்பாக வரும். யானை முட்டாமல் இருக்கக் கதவில் அடித்த இரும்பு முள்ளுக்கு, அஞ்சறைப்பெட்டியிலிருந்து கிராம்பு. டிகாஷன் இறங்கிய காப்பித்தூளை வெயிலில் நன்றாக உலர்த்தி, ஃபெவிகால் பூசிய அட்டைமேல் தூவினால் தரை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த பச்சை நாரைப் பிய்த்தால் புதர். தெர்மாகோல் வேண்டாம் என்பது என் கட்சி: வெட்டினால் வீடெல்லாம் பொடி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் உருகும், வெளியே போட்டால் மக்காது.

இனி விளையாட்டு. 1812-இல் பிரஷ்ய அரசருக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கும் ஒரு போர் மேஜை செய்து கொடுத்தார். 'கால இயந்திரம்' எழுதிய எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கென்றே விதிகள் எழுதிப் புத்தகமாகப் போட்டார். எங்கள் வீட்டு விதி இவ்வளவுதான்: ஒரு சாண் நூல் காலாள் நடை, இரண்டு சாண் குதிரை, பாறைமேல் ஏறினால் பாதி. சண்டைக்குத் தாயக்கட்டை.

கதைக்கும் குறைவில்லை. 1656-இல் ஔரங்கசீப் ஒருமுறை வந்து போன பிறகு, வடகிழக்கே பீரங்கி ஏற்ற வசதியாக இருந்த குன்றையும் வளைத்து மதில் கட்டினார்கள். நயா கிலா என்பது அதுதான். மேஜைமேல் அந்தக் குன்றை வைத்து ஒரு ஆட்டம், எடுத்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தால் ஏன் கட்டினார்கள் என்று பிள்ளைகளே சொல்வார்கள். 1687-இல் அவர் மறுபடி வந்து எட்டு மாதம் முற்றுகையிட்டார். பீரங்கிக்கும் வெடிச்சுரங்கத்துக்கும் மசியாத கோட்டை, லஞ்சம் வாங்கிய ஒருவர் உள்ளிருந்து கதவைத் திறந்ததால் விழுந்தது. எங்கள் ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று தாயம் போட்டால் கதவு திறக்கும். தானா ஷா பக்கம் ஆடுகிற என் மகளுக்கு இந்த விதிமேல் இன்றுவரை கோபம்.

அம்பாள் முன்னால் சண்டையா என்று மாமியார் முதல் வருஷம் கேட்டார். ஒன்பது நாளும் மகிஷனோடு நடப்பது என்ன என்று பேரன் கேட்டான், மேற்கொண்டு பேச்சில்லை.

விஜயதசமி இரவு பொம்மையைப் படுக்க வைத்த பிறகு, மதிலைப் பிரித்துப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம். பாறைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டைப்பெட்டியில் வசம்புத்துண்டு நான்கு போட்டுக் கட்டிலடியில் தள்ளினால் அடுத்த வருஷம் வரை கெடாது.