கடைசிப் பாட்டில் மட்டும் 'ம்ம்ம்' சத்தம்... டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளில் காந்தத் தொந்தரவு ஏன்? கண்டுபிடிப்பது எப்படி?

எல்பி ரெக்கார்டை வைத்து முள்ளை இறக்கியாச்சு. முதல் பாட்டு சுத்தமாக ஒலிக்கிறது. ஆனால் முள் உள்பக்கம் நகர நகர, பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கூடிக்கொண்டே போகிறது. கடைசிப் பாட்டின் அமைதியான இடங்களில் அது பளிச்சென்று கேட்கிறது.

விசாரித்தால் ஒருவர் 'மோட்டார் போச்சு' என்பார். இன்னொருவர் 'கார்ட்ரிட்ஜை மாத்துங்க' என்பார். இரண்டுமே நல்ல செலவு. ஆனால் காசை எடுக்கும் முன், ரெக்கார்டே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது.

டைரக்ட் டிரைவ் என்றால் என்ன?

பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளில் மோட்டார் பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். ரப்பர் பெல்ட் மூலம் தட்டைச் சுழற்றும். டைரக்ட் டிரைவில் பெல்ட் கிடையாது. தட்டின் அச்சுதான் மோட்டாரின் அச்சு. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் பெயரில் 1970-ல் கொண்டுவந்த எஸ்.பி-10 இந்த வகையின் முன்னோடி. 1972-ல் எஸ்.எல்-1200, 1979-ல் டிஜேக்களின் செல்லமான எஸ்.எல்-1200 மார்க் 2 வந்தன. மார்க் 2-வில் மோட்டாரின் சுழலும் காந்தம், தட்டின் அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

வேகம் சீராக இருக்கும், பெல்ட் தேயும் கவலை இல்லை. ஆனால் மோட்டார் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. எல்பி ஆரம்பிக்கும்போது முள் மையத்திலிருந்து சுமார் 14.6 செ.மீ. தள்ளி இருக்கும். முடியும்போது சுமார் 6 செ.மீ.தான். அதாவது கடைசிப் பாட்டில் கார்ட்ரிட்ஜ் மோட்டாருக்குப் பக்கத்து வீடு!

கார்ட்ரிட்ஜுக்கு ஏன் இது கேட்கிறது?

மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில், முள் அதிரும்போது ஒரு குட்டிக் காந்தம் ஆடும். பக்கத்தில் உள்ள கம்பிச்சுருளில் அதனால் மின்சாரம் உண்டாகும். அதுதான் பாட்டு. ஆனால் அந்தச் சுருளுக்கு, மாறும் காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். முள்ளின் காந்தமா, வெளியே உள்ள டிரான்ஸ்பார்மரா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

கிடைக்கும் மின்சாரமும் ரொம்பக் குறைவு, சுமார் 5 மில்லிவோல்ட். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை போனோ பிரீஆம்ப் சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. ரெக்கார்டில் குறைத்துப் பதியப்பட்ட தாழ்ந்த ஒலிகளை அது இன்னும் கூடுதலாகத் தூக்கும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட சுமார் 7 மடங்கு அதிகமாகப் பெருக்கப்படுகிறது. ஹம் சத்தத்துக்கு ராஜமரியாதை கிடைப்பது இங்கேதான்.

மோட்டார்தான் குற்றவாளியா?

அவசியமில்லை. அசையாத காந்தத்தால் சுருளில் மின்சாரம் வராது, மாறும் புலம்தான் பிரச்னை. பல டைரக்ட் டிரைவ் மாடல்களில் மின்சார டிரான்ஸ்பார்மரும் அதே பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஆம்ப்ளிபயரில் அதைவிடப் பெரிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். பழி மட்டும் மோட்டார் மேல் விழும்.

ஐந்து நிமிட சோதனை

முள்ளுக்கு உறை போடுங்கள். தட்டு சுழலக் கூடாது. லிவரால் டோன்ஆர்மைத் தூக்கி, வால்யூமை மெல்ல ஏற்றி, கையால் ஆர்மை ஓரத்திலிருந்து மையத்துக்கு நகர்த்துங்கள்.

* எங்கே நகர்த்தினாலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால், பெரும்பாலும் எர்த் வயர் அல்லது கேபிள் பிரச்னை. டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர், ஆம்ப்ளிபயரின் ஸ்க்ரூவில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள்.
* இடத்துக்கு இடம் சத்தம் ஏறி இறங்கினால், காந்தத் தொந்தரவு.
* அப்படியானால் டர்ன்டேபிள் பிளக்கைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் அதன் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர். நிற்காவிட்டால் பக்கத்தில் உள்ள ஆம்ப்ளிபயர் அல்லது அடாப்டர்.
* இதுவரை சத்தமே இல்லை, தட்டு சுழன்றால் மட்டும் வருகிறது என்றால்தான் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும்.

சரி, என்னதான் செய்வது?

முதல் மருந்து தூரம். அதற்குக் காசு தேவையில்லை. டிரான்ஸ்பார்மர் போன்றவற்றின் காந்தப்புலம், தூரம் இரட்டிப்பானால் தோராயமாக எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆம்ப்ளிபயர் மேல் டர்ன்டேபிளை அடுக்கியிருந்தால் உடனே பிரித்து வையுங்கள்.

மோட்டாரை நகர்த்த முடியாது, ஆனால் கார்ட்ரிட்ஜை உயர்த்தலாம். 3 செ.மீ. இடைவெளியை 3 மி.மீ. தடிமன் கூடுதலான ரப்பர் மேட் 3.3 செ.மீ. ஆக்கினால், கணக்குப்படி தொந்தரவு கால்வாசி குறையும். மேட் மாற்றினால் ஆர்மின் உயரத்தையும் அதே அளவு ஏற்ற வேண்டும். அதை மறக்காதீங்க.

கார்ட்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தால், உலோகக் கவசம் உள்ளதாகப் பாருங்கள். மறைப்புத் தகடு போடுவதென்றால் மியூ-மெட்டல். சுமார் 80% நிக்கல் கலந்த இது காந்தப்புலத்தைத் தன் வழியே இழுத்துத் திருப்பிவிடும். வளைத்தால், தட்டினால் இந்தக் குணம் குறைந்துவிடும். சமையலறை அலுமினியத் தாள் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குத் தடையே இல்லை.

இதைச் செய்யவே கூடாது!

இரும்புத் தகட்டை மேட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை நோக்கி இழுபடும், முள்ளின் அழுத்தம் கூடும். பலமான காந்தம் உள்ள மூவிங் காயில் வகையில் இது இன்னும் மோசம். ஹம் குறைக்கப் போய் ரெக்கார்டு தேய்ந்துவிடும்.

டிரான்ஸ்பார்மரைப் பெட்டிக்கு வெளியே மாற்றுவது நல்ல தீர்வுதான். ஆனால் உள்ளே 230 வோல்ட் இருக்கிறது, டெக்னீசியனிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: ஹம் நிற்கிறது என்பதற்காக ஆம்ப்ளிபயரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சத்தம் நிற்கலாம். ஆனால் உள்ளே வயர் பழுதாகி உலோகப் பெட்டியில் மின்சாரம் பாய்ந்தால், தொடுபவரைக் காப்பாற்ற அந்த எர்த்தான் இருக்கிறது. ஒரு பாட்டுக்காக எடுக்கக்கூடிய ரிஸ்க் இல்லை இது.

கடைக்குப் போகும் முன் ஆர்மை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். சத்தம் எங்கே கூடுகிறது என்று தெரிந்தால், எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.