பூவின் தலை எந்தப் பக்கம்?

கோவை ஜவுளிக் கடைகளில் சுடிதார் துணியைப் பிரித்துப் போட்டதும் கேட்பார்கள்: "எத்தனை மீட்டருங்க கிழிக்கட்டும்?" பதில் சொல்லுமுன் அந்த அச்சுக்குத் தலை, கால் உண்டா என்று பார்த்துவிடுங்கள். எத்தனை மீட்டர் என்பதே அதைப் பொறுத்ததுதான்.

பீளமேட்டில் நூல் நம்பர் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா 1956 முதல் இருக்கிறது. மில் வேலை பார்த்த தாத்தாக்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் வீட்டிலேயே தைக்கத் தொடங்குகிறவர்கள் கோட்டை விடுவது நூலில் அல்ல, அச்சில்.

பூக்காம்பு எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் அது ஒருவழி அச்சு. மயில், மரம், எழுத்து போட்டவையும் அப்படியே. பாதி மேலும் பாதி கீழும் பார்த்தால் இருவழி. விதை தூவியது போல எங்கும் சிதறியிருந்தால் கவலையே இல்லை; சுங்குடிப் புள்ளியும் அந்த ரகம். சந்தேகமா? செல்போனில் படமெடுத்துத் தலைகீழாகப் பாருங்கள். குறுக்குக் கோடுகளில் மட்டும் கவனம்: சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வரிசை ஒரே திசையில் போனால் அதுவும் ஒருவழிதான்.

கணக்கு எங்கே உதைக்கிறது? தோள் பக்கம் 16 அங்குலம், அடியில் 26 அங்குலம் என்று விரியும் டாப்பை எடுத்துக்கொள்வோம். துணி 44 அங்குலப் பன்னா. முன்பாகத்தை நேராகவும் பின்பாகத்தைத் தலைகீழாகவும் பக்கத்தில் வைத்தால் 42 அங்குலத்தில் அடங்கிவிடும். ஒருவழி அச்சில் இந்தத் தந்திரம் செல்லாது. இரண்டையும் நேராக வைத்தால் 52 அங்குலம் வேண்டும், பன்னா போதாது. ஆகவே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வெட்ட வேண்டும். கைத்துண்டுகளைப் பக்கத்து மிச்சத்தில் எடுத்தாலும், அரை மீட்டருக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும்.

மடிப்பதிலும் வம்பு உண்டு. கரையோடு கரை சேர்த்து நீளவாக்கில் மடித்தால் இரண்டு அடுக்கிலும் பூ ஒரே பக்கம் பார்க்கும். துணியின் இரு முனைகளைச் சேர்த்துக் குறுக்கே மடித்தால் ஓர் அடுக்கு தலைகீழாகிவிடும். தோளில் தையலில்லாமல் ஒரே துண்டாக வெட்டும் நைட்டியில் முன்னால் மயில் நிற்கும், முதுகில் தொங்கும். தோளில் வெட்டிப் பின்பாகத்தைத் திருப்பி வைத்துத் தைத்தால் சரியாகும். தையலுக்கு முக்கால் அங்குலம் சேர்த்து விடுங்கள். ஒரே வட்டமாக வெட்டும் அம்ப்ரல்லா கட்டுக்கு ஒருவழி அச்சே வேண்டாம் என்பேன். முன்னால் நிற்கும் பூ இடுப்போரம் படுத்து, பின்னால் கவிழ்ந்துவிடும்.

பழைய சேலையில் டாப் தைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். சேலையின் நீளம் உடம்பைச் சுற்றுகிறது, அகலம்தான் உயரமாகிறது. அதனால் உடல் பகுதியில் பூக்கள் ஒரு பார்டரிலிருந்து மறு பார்டரை நோக்கி நிமிர்ந்திருக்கும். முந்தானை முதுகில் நீளவாக்கில் தொங்குவதால், அங்கே உருவங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். வழக்கமான டாப் துணி என்று நினைத்து நீளவாக்கில் வெட்டினால் உடல் பகுதிப் பூ படுத்துக்கொள்ளும். அகலவாக்கில் வெட்டினால் பூ நிமிரும், பார்டரும் அடியில் வந்து அழகாக உட்காரும். ஆனால் டாப்பின் உயரம் சேலை அகலத்தைத் தாண்டாது. அது பெரும்பாலும் 45 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். பட்டுப்பாவாடை தைத்துப் பழகிய அக்காக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய டிசைன் என்றால் இன்னும் கொஞ்சம் தாராளம் தேவை. உருளை அச்சு இயந்திரத்தில் சாதாரணமாகப் பயன்படும் உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பெரிய பூங்கொத்து வந்தால், முன்பாகத்திலும் பின்பாகத்திலும் அது ஒரே உயரத்தில் விழ அடுத்த கொத்து வரை துணியைத் தள்ளி வெட்டியாக வேண்டும்.

ஒருவழி அச்சு பிடித்துப்போனால் வாங்கும்போதே அரை மீட்டருக்கு மேலாகவே கூடச் சொல்லுங்கள். பிட் துணிக் கடையில் அதே டிசைன் அடுத்த வாரமும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.