கறுப்புப் புள்ளிக்குப் பயந்து

குளத்தில் பிடித்த இறாலை ஐஸில் போட்டாலும் சில நாளில் தலைப்பக்கம் கறுக்கத் தொடங்கும். கெட்டுப்போனதற்கு அது அடையாளம் அல்ல. இறாலின் உடம்பிலேயே இருக்கும் ஒரு நொதி, காற்றுப்பட்டதும் மெலனினை உண்டாக்குகிறது. நம் தலைமுடிக்குக் கறுப்பு தருவதும் அதே நிறமிதான். தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் புள்ளி விழுந்த இறாலுக்கு விலை விழுந்துவிடும்.

அதற்குத்தான் சோடியம் மெட்டாபைசல்பைட். சுமார் 1.25 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பது பழைய பரிந்துரை. அளக்காமல் பொடியை அள்ளி ஐஸ்மேல் தூவினால் ஒரு பெட்டியில் மிதமிஞ்சியும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போகும். மிஞ்சும் கந்தக டை ஆக்சைடு பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சை அடைத்துவிடும்.

பச்சை இறாலில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், வெந்ததில் 30 என்பது சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸின் வரம்பு. ஐரோப்பிய ஒன்றியம் கவுண்ட் பார்க்கிறது: கிலோவுக்கு 80 வரை நிற்கும் பெரிய இறாலுக்கு 150, 120-க்கு மேல் நிற்கும் பொடி இறாலுக்கு 300. பொடி இறாலுக்கு எடையோடு ஒப்பிட்டால் புறப்பரப்பு அதிகம்; மருந்தும் அதிகம் ஏறும்.

இறாலில் மிஞ்சியிருக்கும் அளவைக் கண்டுபிடிக்கும் முறைக்கு மோனியர்-வில்லியம்ஸ் என்று பெயர். சம்ஸ்கிருத அகராதிக்காரர் அல்ல, இவர் வேறு, ஆங்கிலேய வேதியியலாளர். சல்பைட்டில் ஒரு பகுதி இறைச்சியோடு பிணைந்துகொண்டிருக்கும். கழுவினால் மட்டும் வராது. அதனால் அரைத்த இறாலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். கிளம்பும் வாயுவை நைட்ரஜன் தள்ளிக்கொண்டுபோய் ஹைட்ரஜன் பெராக்சைடில் விடும். அங்கே அது கந்தக அமிலமாகும். சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றி, கரைசல் மஞ்சளாகும்வரை செலவான அளவை வைத்துக் கணக்குப் போடுவார்கள். பொறுமைசாலிகளின் வேலை.

ஒரு வில்லங்கமும் உண்டு. பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் இயற்கையாகவே கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. பூண்டு மசாலா தடவிய இறாலை இப்படிக் கொதிக்க வைத்தால், சல்பைட்டே சேர்க்காததும் குற்றவாளியாகத் தெரியும். அத்தகைய உணவுக்கு நிறை நிறமாலைமானியோடு இணைந்த திரவ நிறப்பகுப்பு நம்பகமானது. கருவிக்குத்தான் காசு வேண்டும். பண்ணைக் கரையில் காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பது சந்தேகம் கிளப்ப உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

மாற்றும் இருக்கிறது. 4-ஹெக்சைல்ரிசார்சினால் அதே நொதியைத் தடுக்கும், கந்தகம் இல்லாமல், மிகக் குறைந்த அளவிலேயே. அதைவிட எளியது, பிடித்த நிமிடமே நிறைய ஐஸ் போட்டு விரைவாக ஆலைக்கு அனுப்புவது. ஆனாலும் கறுப்பைச் சகிக்காத வாங்குபவர் இருக்கும்வரை பொடி மூட்டை குளக்கரையை விட்டுப் போகாது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 10 பிபிஎம் எட்டினாலே சல்பைட்டை லேபிளில் சொல்லியாக வேண்டும். நம்மூர் மீன்கடையில் கூறுகட்டி வைத்திருக்கும் இறாலுக்கு லேபிளே கிடையாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், இதில் மருந்து போட்டீர்களா என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.