கட்டடங்களுக்கும் சோதனை தேவை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் எருத்தேன்பதி கிராமப் பஞ்சாயத்து அமைந்துள்ளது. எல்லையைக் கடந்தால் தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பகுதி. தமிழும் மலையாளமும் வழங்கும் இத்தகைய ஊர்களில் பள்ளி, அங்கன்வாடி முதலிய பொதுக்கட்டடங்கள் பல உள்ளன. அவற்றைக் கட்டி முடிப்பதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. காலந்தோறும் சோதித்துப் பேணுதலும் வேண்டும்.

கேரளத்தில் பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறக்கப்படுகின்றன. தென்மேற்குப் பருவமழையும் அப்போதே தொடங்குகிறது. ஆகவே, பள்ளி திறக்கும் முன்னரே உள்ளாட்சிப் பொறியாளர் கட்டடத்தைப் பார்வையிடுவார். கூரை, சுவர், தூண், தரை, கழிப்பறை, மின்கம்பிகள் ஆகியவற்றை ஆராய்வார். பாதுகாப்பானது எனக் கண்டால் தகுதிச் சான்றிதழ் வழங்குவார்.

சிறு கசிவைக்கூடப் பொறியாளர் புறக்கணிப்பதில்லை. கான்கிரீட் தளத்தில் கசியும் நீர், உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கான்கிரீட் விரிசலுற்றுப் பெயர்ந்து விழும். விரிசல் வழியே மேலும் நீர் புகும். தொடக்கத்திலேயே கசிவை அடைத்தால் செலவு சிறிது. காலம் தாழ்த்தினால் தளத்தையே மாற்ற நேரிடும்.

பழுதுகள் பல, பணமோ அளவானது. ஒரு பள்ளியில் சுவரின் வண்ணம் மங்கியிருக்கிறது. மற்றொரு பள்ளியில் தளம் ஒழுகுகிறது. முதலில் எதனைச் சீர்செய்வது? வண்ணம் காத்திருக்கலாம், ஒழுகும் தளம் காத்திருக்காது. இவ்வாறு பழுதுகளை உடனே செய்ய வேண்டியவை, இவ்வாண்டிற்குள் செய்ய வேண்டியவை, பின்னர் செய்யத்தக்கவை என வரிசைப்படுத்துவர். கேரள அரசு உள்ளாட்சிகளுக்குப் பராமரிப்பு நிதியையும் வளர்ச்சி நிதியையும் தனித்தனியே வழங்குகிறது. முன்னது இருக்கும் கட்டடத்தைப் பேணுவதற்கு. பின்னது புதிய பணிகளுக்கு. பழுதுபார்க்கும் செலவு, புதிதாகக் கட்டும் செலவை நெருங்கினால், பழைய கட்டடத்தை இடித்துப் புதியது கட்டுவதே நன்று.

சோதனை தவறினால் உயிரே பறிபோகலாம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாடு முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டன. சிதைந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டன. துயரத்திற்குப் பின் நிகழ்ந்த அவ்வாய்வு, முன்னரே நிகழ்ந்திருக்க வேண்டியது.

பொறியாளர் ஆண்டுக்குச் சில நாள்களே வருவார். மாணவர்களோ நாள்தோறும் அக்கட்டடத்தில் இருப்பவர்கள். புதிய விரிசலையோ ஈரக்கறையையோ முதலில் காண்பவர்களும் அவர்களே. அதனைக் கண்டால் அருகில் செல்லாது, உடனே ஆசிரியரிடம் கூறுதல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக
1. சிறு கசிவு தளத்தை எவ்வாறு சிதைக்கிறது?
2. உங்கள் பள்ளியில் முதலில் சீர்செய்ய வேண்டியது எது? காரணம் கூறுக.